விரல் வைத்து எடுத்த வசனமும், வரிசையாய் வாசித்த வேதமும்

வேலை மாறுவதா வேண்டாமா, வந்திருக்கிற வரனுக்குச் சரி சொல்வதா, லோன் போட்டு வீட்டைக் கட்டுவதா என்று ஒரு தீர்மானம் கழுத்துவரை வந்து நிற்கும்போதுதான் நம்மில் பலர் வேதத்தைத் தேடி எடுக்கிறோம். கண்ணை மூடி, சின்னதாய் ஒரு ஜெபம் சொல்லி, புத்தகத்தைப் பிரித்து, விரல் விழுந்த இடத்தை வாசிக்கிறோம். நல்ல வசனம் வந்தால் ஸ்தோத்திரம். ஒத்துவராத வசனம் வந்தால் இன்னொரு தடவை பிரிக்கிறோம். அந்த இரண்டாவது தடவையிலேயே நம் மனசு தெரிந்துவிடுகிறது. முடிவை நாமே எடுத்துவைத்துவிட்டு, கர்த்தரிடம் கையெழுத்து மட்டும் கேட்கிறோம்.

வருஷப்பிறப்பு ஆராதனையில் நீட்டுகிற வாக்குத்தத்த அட்டையை நான் குறை சொல்லவில்லை. அதை வாங்கிப் பர்சில் வைத்துக்கொண்டு, வருஷம் முழுவதும் அந்த வசனத்தைப் பிடித்து ஜெபிக்கிற அம்மாமார்களின் விசுவாசம் பெரியது. ஆனால் அட்டையில் இருப்பது ஒரு வரி. அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வரிகளைச் சேர்த்து வாசித்தால்தான் கர்த்தர் என்ன சொன்னார் என்பது பிடிபடும்.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” என்று தொடங்குகிற வசனம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதத்தில் இது வருகிறது. அதற்கு முந்தின 10-ஆம் வசனத்தில், ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்று கணக்கே சொல்லியிருக்கிறது. கடிதம் வாசிக்கப்பட்ட அன்று அங்கே உட்கார்ந்திருந்த முப்பது வயதுக்காரருக்கு, அது நிறைவேறும்போது வயது நூறை நெருங்கியிருக்கும். அதனால்தான் 5-ஆம் வசனம் வீட்டைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டத்தை நட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, கொண்டுபோகப்பட்ட ஆலயத்தின் பணிமுட்டுகள், அதாவது பாத்திரங்கள், எல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பிவரும் என்று ஜனங்களின் காதுக்கு இதமாய்ச் சொல்லியிருந்தார். இரண்டு வருஷம் என்பது ஜனங்களுக்குப் பிடித்த கணக்கு, எழுபது கர்த்தருடைய கணக்கு. இப்படி வாசித்தால் வசனத்தின் ஆறுதல் குறைந்துபோகாது. காத்திருக்கிற காலத்துக்கும் கர்த்தர் வேலை கொடுத்திருக்கிறார் என்பது கூடவே கிடைக்கிறது. அதனால் எந்த வசனம் “கிடைத்தாலும்” அந்த அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசியுங்கள். யார், யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னது என்று பார்த்துவிட்டு உரிமை பாராட்டுங்கள். ஐந்து நிமிஷ வேலைதான்.

தேவசித்தம் என்றதும் அது எங்கோ ஒளித்துவைக்கப்பட்ட பொருள், நாம்தான் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும் என்று ஒரு பயம் நமக்குள் இருக்கிறது. ஆனால் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதின முதல் நிருபத்தில், தேவனுடைய சித்தம் இதுதான் என்று பெயர் சொல்லியே இரண்டு இடங்களில் இருக்கிறது. 4:3-ல் நாம் பரிசுத்தமுள்ளவர்களாகவேண்டும் என்பது. 5:18-ல் எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்வது. எந்தக் கம்பெனியில் சேரவேண்டும் என்று மூன்று நாள் உபவாசம் இருக்கிறவர், கூடப் பிறந்தவரோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது என்றால், அவருக்குக் கொடுக்கப்பட்ட நடத்துதல் ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. முதலில் போய்ப் பேசவேண்டும். தெரிந்த சித்தத்தைச் செய்யாமல் தெரியாத சித்தத்தைக் கேட்கிற ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள், அந்தப் பழைய கட்டளையிடம் திரும்பிப் போவது நல்லது.

“உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம்” என்று சங்கீதம் 119:105 சொல்லுகிறபோது, அந்தக் காலத்துத் தீபம் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மண் விளக்கு. கொஞ்சம் எண்ணெய், ஒரு திரி. கரண்டு போன இரவில் அகல் விளக்கைக் கையில் ஏந்தி, காற்றுக்கு மறைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்துபாருங்கள். கிணற்றடி தெரியாது, வேலி தெரியாது. அடுத்து கால் வைக்கிற இடம் தெரியும், அங்கே பூச்சி கிடக்கிறதா கல் கிடக்கிறதா என்பது தெரியும். நின்ற இடத்தில் நின்றுகொண்டு தூரத்து வேலியைக் காட்டு என்றால் அந்த விளக்கால் முடியாது. நடந்தால் வெளிச்சமும் கூடவே நடந்து வரும். ஐந்து வருஷத் திட்டத்தைக் காட்டும் ஆண்டவரே என்று கேட்கிற பல ஜெபங்களுக்கு, இந்த வாரம் செய்யவேண்டிய ஒன்று மட்டுமே பதிலாக வருவதன் காரணமும் இதுதான்.

இனி தினசரிப் பழக்கத்துக்கு வருவோம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23. ஒரு வருஷத்தில் முழு வேதமும் முடிந்துவிடும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் இதை எடுக்கவேண்டாம் என்பேன். ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்கி, யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வந்ததும் வேகம் குறைந்து, லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் ஒவ்வொரு சபையிலும் உண்டு. குற்றம் லேவியராகமத்தின்மேல் அல்ல. பழக்கம் வேர்விடும் முன்பே பாரத்தை ஏற்றியதுதான் தவறு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். தவறிப்போன நாளை ஈடுகட்ட சனியும் ஞாயிறும் கையில் இருக்கும். மாற்கில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான். கூடவே ஒரு சங்கீதம், அல்லது தேதிக்கு ஒன்றாக நீதிமொழிகள். அதில் 31 அதிகாரம் இருப்பதால் மாதத்துக்குச் சரியாகப் பொருந்தும்.

நேரம் அரை மணி போதும். எழுந்தவுடன் போனை எடுக்காமல் இருப்பதுதான் முதல் வேலை. குரூப்பில் வந்த இன்றைய வசனப் படத்தைப் பார்த்து ஆமென் போட்டுவிட்டால், வாசித்துவிட்டோம் என்ற திருப்தி மனசுக்கு வந்துவிடுகிறது. அந்தத் திருப்தி பசியைக் கெடுத்துவிடும். முடிந்தால் அச்சிட்ட வேதாகமம், ஒரு பென்சில், எண்பது பக்க நோட்டு ஒன்று. பழைய மொழிபெயர்ப்பு, அதாவது பவர் ஐயர் தலைமையில் 1871-ல் வெளிவந்த பதிப்பின் வழியில் நாம் மனப்பாடம் செய்திருக்கிற வேதம், காதுக்கு இனிமையானது. ஆனால் நிருபங்களில் வாக்கியங்கள் நீளம். புரியாத இடத்தில் எளிய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்து வாசிப்பதில் தப்பே இல்லை.

முதலில் வாசிப்பதா, முதலில் ஜெபிப்பதா? பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் பல வருஷங்கள் எழுந்தவுடன் ஜெபத்தில்தான் தொடங்கினார். மனசு அலைந்து அலைந்து, பத்து நிமிஷம், கால் மணி, சிலவேளை அரை மணி கழித்துத்தான் ஜெபம் ஜெபமாகிறது என்று அவரே ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். 1841-ல் முறையை மாற்றினார். முதலில் வசனத்தை மெதுவாய் வாசித்துத் தியானிப்பது, அதிலிருந்தே ஜெபம் எழும்ப விடுவது. ஜெபத்தில் தூக்கம் வருகிறது, எண்ணம் ஓடுகிறது என்கிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய உதவியாக இருக்கும்.

எப்படித் தியானிப்பது என்பதற்கு மாற்கு 1:35 முதல் 38 வரை நான்கு வசனங்களை வைத்துப் பார்ப்போம். அதிகாலையில் இருட்டோடே இயேசு எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபம்பண்ணுகிறார். சீமோன் தேடிவந்து, “உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்” என்கிறார். அவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள், இதற்காகவே புறப்பட்டுவந்தேன் என்கிறார். முதல் தடவை வாசிக்கும்போது, அதிகாலை எழுந்து ஜெபிக்கவேண்டும் என்ற பாடத்தோடு நின்றுவிடுவோம். பென்சிலோடு மறுபடி வாசியுங்கள். முந்தின நாள் சாயங்காலம் பட்டணத்தார் எல்லாரும் வாசலில் கூடியிருந்தார்கள் என்று 33-ஆம் வசனம் சொல்லுகிறது. இன்றைக்கும் அங்கே வியாதிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். தேவை உண்மையானது, கூப்பிடுகிறவர்களும் நல்லவர்கள். ஆனாலும் அவர் அங்கே திரும்பவில்லை. ஜெபத்திலிருந்து எழுந்து வந்தபோது, எதற்கு இல்லை என்று சொல்லவேண்டும் என்பது அவருக்குத் தெளிவாயிருந்தது.

இப்போது நோட்டில் தேதி போட்டு நான்கு வரி. இங்கே கர்த்தர் எப்படிப்பட்டவர்? ஜனங்களின் நெருக்கடியால் அல்ல, பிதாவின் சித்தத்தால் நடத்தப்படுகிறவர். எனக்கு என்ன கட்டளை அல்லது வாக்கு? தேவை இருக்கிற எல்லா இடத்துக்கும் நான் அனுப்பப்படவில்லை. இன்றைக்கு எது மாறவேண்டும்? முடியாது என்று சொல்லத் தயங்கி ஒத்துக்கொண்ட அந்த ஒரு பொறுப்பைப்பற்றி இன்று மதியத்துக்குள் பேசிவிடுவது. கடைசி வரி, அதையே ஜெபமாக ஒரு வாக்கியம். மூன்றாவது வரியில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. “இன்னும் அதிகமாய் அன்புகூர வேண்டும்” என்று எழுதினால் அது சாயங்காலத்துக்குள் ஆவியாகிவிடும். யாரிடம், எப்போது, என்ன என்பது அதில் இருக்கவேண்டும். இரவு படுக்குமுன் அந்த வரிக்கு நேரே ஒரு டிக்கோ ஒரு கோடோ போடுங்கள். விசுவாசம் கேள்வியினாலே வரும் என்று ரோமர் 10:17 சொல்லுகிறது. கேட்டதைச் செய்கிற இடத்தில்தான் அது தேறுகிறது.

நைட் ஷிப்ட் பார்க்கிறவர், கைக்குழந்தை வைத்திருக்கிற தாய், அதிகாலை ஜெபம் முடியவில்லையே என்று குற்றவுணர்வில் தவிக்கவேண்டாம். அதிகாலை நல்ல நேரம், ஆனால் சட்டம் அல்ல. பிள்ளை மதியம் தூங்குகிற இருபது நிமிஷமும், கம்பெனி பஸ்ஸில் போகிற நாற்பது நிமிஷமும் கர்த்தருடைய நேரம்தான். ஒரே நேரம், ஒரே இடம் என்று நிலைத்திருப்பது மட்டுமே முக்கியம். மூன்று நாள் தவறினால் விட்ட அதிகாரங்களைத் துரத்திப்பிடிக்காதீர்கள். இன்றைய தேதியில் உட்காருங்கள்.

சரி, இப்படி நடந்துகொண்டிருக்கிறவருக்கு ஒரு பெரிய தீர்மானம் வந்தால் என்ன செய்வது? முல்லரின் வாழ்க்கையிலேயே ஒரு சம்பவம் நாள்வாரியாய்ப் பதிவாகியிருக்கிறது. 1845 அக்டோபர் கடைசியில், இல்லங்கள் இருந்த வில்சன் தெருவில் குடியிருந்த ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகளின் சத்தத்தாலும் நெருக்கத்தாலும் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்று மரியாதையாகவே எழுதியிருந்தார். நம்மில் பலர் இதை ஊழியத்துக்கு வந்த எதிர்ப்பு, சத்துருவின் தந்திரம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கியிருப்போம். முல்லர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு யோசித்தார். சில நாள் கழித்து நேரம் ஒதுக்கி உட்கார்ந்து, இடம் மாறுவதற்கான காரணங்களையும் மாறாமல் இருப்பதற்கான காரணங்களையும் தாளில் எழுதினார். சத்தம், சாக்கடை வசதிப் போதாமை, பையன்கள் தோட்டவேலை செய்ய நிலம் இல்லாமை, வியாதி வந்தால் பிரித்துப் படுக்கவைக்க அறை இல்லாமை என்று எல்லாம் மண்ணில் கால் ஊன்றிய காரணங்கள். பிறகு சபையின் உடன் ஊழியர்களிடம் அதை வைத்தார். அவர்களும் மாறுவது நல்லது என்றார்கள். நவம்பர் 4-ஆம் தேதி முதல் மனைவியோடு நாள்தோறும் ஜெபிக்கத் தொடங்கினார். முப்பத்தாறாம் நாள், டிசம்பர் 10 அன்று, இங்கிலாந்துப் பணத்தில் 1000 பவுன் வந்தது.

நிலம் வாங்கியதைக் கவனியுங்கள். 1846 பிப்ரவரியில் ஆஷ்லி டவுன் என்ற மேட்டில் நிலம் இருப்பது தெரிந்து, உரிமையாளரைப் பார்க்க மாலையில் அவர் வீட்டுக்குப் போனார். தொழில் இடத்தில் இருக்கிறார் என்றார்கள். அங்கே போனால், கிளம்பிவிட்டார், எட்டு மணிக்கு வீட்டில் இருப்பார் என்றார்கள். முல்லர் மூன்றாவது தடவை போகவில்லை. இன்று பார்க்கவேண்டாம் என்று கர்த்தர் நினைக்கிறார்போலும் என்று வீடு திரும்பிவிட்டார். மறுநாள் காலையில் போனபோது அந்த உரிமையாளர், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டது, ஐந்து மணிவரை தூக்கமில்லை, அந்த நேரமெல்லாம் இந்த நிலத்தைப் பற்றியே நினைவு என்றார். ஏக்கருக்கு 200 பவுன் கேட்பதாக இருந்தவர், 120-க்குக் கொடுக்கத் தீர்மானித்துவிட்டாராம். ஏறக்குறைய ஏழு ஏக்கர். 1849 ஜூனில் அந்த இடத்தில் 300 பிள்ளைகளுக்கான வீடு திறக்கப்பட்டது.

இதை வாசித்துவிட்டு முப்பத்தாறு நாள் ஜெபம் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கவேண்டாம். எடுத்துக்கொள்ளவேண்டியது அவர் நடந்த முறை. தன் விருப்பத்தை முதலில் ஒதுக்கிவைத்தார், இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை என்றும் சொன்னார். உணர்ச்சியைமட்டும் நம்பவில்லை. வசனத்தையும் ஆவியானவரையும் பிரிக்கவில்லை. சூழ்நிலையைக் கணக்கில் எடுத்தார், அதற்கு அடிமையாகவில்லை. மற்றவர்களிடம் கேட்டார். நேரம் கொடுத்தார். நம் நோட்டில் இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் செய்யலாம் என்பதற்கான காரணங்கள், வலப்பக்கம் வேண்டாம் என்பதற்கானவை. மேலே தேதி. மூன்று பேரிடம் காட்டுங்கள். அதில் ஒருவராவது உங்களிடம் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசக்கூடியவராக இருக்கவேண்டும். நாம் விரும்பும் பதிலைத் தருவார் என்று தெரிந்தே ஒருவரிடம் போவது ஆலோசனை ஆகாது.

வழிதப்பச் செய்கிற அடையாளங்களையும் சொல்லியாகவேண்டும். “கதவு திறந்தது, மனசிலும் சமாதானம் இருந்தது, அதனால் போனேன்” என்பது நாம் அடிக்கடி கேட்கிற சாட்சி. நினிவேக்குப் போகச் சொல்லப்பட்ட யோனாவைப் பாருங்கள். யோப்பாவுக்குப் போனதும் தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது. கூலி கொடுக்கக் கையில் காசும் இருந்தது. உள்ளே இறங்கிப்போய் அயர்ந்த நித்திரையும் பண்ணினார். திறந்த வாசல், கையில் பணம், மனதில் அமைதி, மூன்றும் இருந்தன. கர்த்தர் சொன்னதற்கு நேர் எதிர்த் திசையில்! தீர்மானம் எடுத்த பின் வருகிற நிம்மதி, பலநேரம் குழப்பம் தீர்ந்த நிம்மதிதான். தேவசமாதானமா இல்லையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வசனத்தை வாசிக்கும்போதும், உங்களைத் திருத்தக்கூடிய ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதும் அது நிற்கிறதா என்று கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆளிடம் மட்டும் இந்த விஷயத்தைச் சொல்லாமல் தவிர்க்கிறோம் என்றால், அங்கே ஏதோ இருக்கிறது.

இரவில் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று கிதியோன் கேட்ட அடையாளத்தைப் பலர் மாதிரியாக எடுக்கிறார்கள். “தேவரீர் சொன்னபடி” என்றுதான் அவர் கேட்கவே தொடங்குகிறார், நியாயாதிபதிகள் 6:36. கர்த்தர் ஏற்கெனவே தெளிவாய்ச் சொல்லியிருந்தார். தோல் போட்டது அவருடைய பயத்துக்காக, இரண்டாம் தடவை கேட்கும்போது உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாக என்று தயங்குகிறார். கர்த்தர் அந்தப் பலவீனத்துக்கு இரங்கினார். இரக்கம் காட்டிய இடத்தை நாம் முறையாக்கிக்கொள்ளக்கூடாது.

தீர்க்கதரிசனம் என்று போனில் ஒருவர் சொன்னால்? அற்பமாய் எண்ணாதிருங்கள், சோதித்துப் பாருங்கள் என்று வேதம் இரண்டையும் சேர்த்தே சொல்லுகிறது. 1 இராஜாக்கள் 13-ல் தேவனுடைய மனுஷன் ஒருவருக்கு, அங்கே அப்பம் புசியாமலும் தண்ணீர் குடியாமலும் வா என்று கட்டளை இருந்தது. வயதான தீர்க்கதரிசி ஒருவர் வந்து, நானும் உம்மைப்போல தீர்க்கதரிசிதான், தூதன் சொன்னான் என்று பொய் சொன்னதும் திரும்பிப் போய்ச் சாப்பிட்டார். வழியில் சிங்கம் கொன்றது. கர்த்தர் தனக்கே சொன்னதை, இன்னொருவரின் பட்டத்துக்காக விட்டுக்கொடுத்ததன் விளைவு அது. ஆகவே யாராவது சொன்ன வார்த்தையை அப்படியே, தேதியோடு, எழுதிவையுங்கள். கேட்ட வாரத்திலேயே எதையும் செய்யாதீர்கள். போதகரிடம் காட்டுங்கள். காணிக்கை கேட்டால், வீட்டாரிடம் சொல்லாதே என்றால், பயமுறுத்தினால், அதோடு அந்த எண்ணை எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

வரன் பார்க்கிற வீடுகளில் ஆதியாகமம் 24 அடிக்கடி வாசிக்கப்படும். ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்ட அடையாளத்தை நிதானித்துப் பாருங்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால், உன் ஒட்டகங்களுக்கும் வார்ப்பேன் என்று சொல்லுகிற பெண். அவனோடு வந்தவை பத்து ஒட்டகங்கள். தாகமெடுத்த ஒட்டகம் ஒன்றே நூறு லிட்டர்வரை குடிக்கக்கூடியது. துரவுக்கும் தொட்டிக்கும் எத்தனை நடை நடந்திருப்பாள் ரெபெக்காள்! அவன் கேட்டது மஞ்சள் சேலையில் வருகிறவள் என்பதுபோன்ற அடையாளம் அல்ல. முன்பின் தெரியாதவனுக்கு இவ்வளவு செய்கிற குணத்தையே அடையாளமாகக் கேட்டான். கேட்டது நடந்த பிறகும், கர்த்தர் வாய்க்கப்பண்ணினாரோ இல்லையோ என்று அறிய மௌனமாயிருந்து கவனித்தான். குடும்பத்தை விசாரித்தான். கடைசியில் பெண்ணைக் கூப்பிட்டு, போகிறாயா என்று கேட்டார்கள். “போகிறேன்” என்று அவள் தன் வாயால் சொன்னாள். பெண்ணின் சம்மதத்தைக் கேட்காமல் “கர்த்தர் கொண்டுவந்த சம்பந்தம்” என்று முடித்துவிடுவதும், ஜெபித்துப் பார்த்த வரன் என்று சொல்லிக்கொண்டே எத்தனை பவுன் என்று பேசுவதும் இந்த அதிகாரத்துக்கு முற்றிலும் விரோதம். அந்தக் கதையில் நகையைக் கொண்டுபோனது மாப்பிள்ளை வீடு.

ஒன்றும் தெளிவாகாத காலமும் வரும். எண்ணாகமம் 9-ல், வனாந்தரத்தில் இஸ்ரவேலரை வழிநடத்தின மேகம் இரண்டு நாளாவது ஒரு மாதமாவது ஒரு வருஷமாவது தங்கினால், ஜனங்களும் தங்கினார்கள். தங்கின நாட்களிலும் மன்னா பொறுக்கவேண்டும், பிள்ளைகளைக் கவனிக்கவேண்டும். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்துகிடக்கிற செய்தியை நெகேமியா கேட்டது கிஸ்லேயு மாதம், ராஜாவிடம் பேசினது நிசான் மாதம். நான்கு மாத இடைவெளி. அந்த நான்கு மாதமும் அவர் அழுது ஜெபித்தார், ஆனால் ராஜா என்ன வேண்டும் என்று கேட்டபோது, எத்தனை காலம் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், வனக் காவலாளனாகிய ஆசாபிடமிருந்து மரம் எதற்கெல்லாம் வேண்டும் என்பதுவரை வாயில் தயாராக இருந்தது. ஊர் போய்ச் சேர்ந்து இரவோடு இரவாய் அலங்கத்தைச் சுற்றிப் பார்த்த பிறகே ஜனங்களிடம் வாயைத் திறந்தார். அலங்கம் 52 நாளில் முடிந்தது. காத்திருக்கிற மாதங்களில் விவரம் சேகரியுங்கள், கடன் கணக்கை எழுதுங்கள், தேவையான சான்றிதழை வாங்கிவையுங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

தீர்மானம் எடுத்துப் புறப்பட்ட பின் கஷ்டம் வந்தால், தப்பான வழியில் வந்துவிட்டோம் என்று உடனே முடிவுகட்டவேண்டாம். அப்போஸ்தலர் 16-ல் அந்நாளைய ஆசியா மாகாணத்துக்கும் பித்தினியாவுக்கும் வழி அடைக்கப்பட்டு, துரோவாவில் தரிசனம் கண்டு, எல்லாரும் சேர்ந்து நிச்சயித்துக்கொண்டு போன இடம் பிலிப்பி. அங்கே பவுலுக்கும் சீலாவுக்கும் கிடைத்தது அடியும், காலை மாட்டிவைக்கிற தொழுமரமும். லீதியாளின் வீட்டிலும் சிறைச்சாலைக்காரனின் வீட்டிலும் சபை பிறந்ததும் அங்கேதான். உண்மையிலேயே தவறிவிட்டோம் என்று தெரிந்தால், மறைக்காமல் ஒத்துக்கொண்டு திரும்புங்கள். யோனாவுக்குக் கர்த்தருடைய வார்த்தை இரண்டாந்தரம் உண்டாயிற்று.

நோட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களை ஜெபக்குறிப்புக்கு வையுங்கள். நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் கேட்ட தேதியும் கேட்டதும், வலப்பக்கம் பதில் வந்த தேதி. இல்லை என்பதும் பதில்தான், அதையும் எழுதுங்கள். காலியாகவே நிற்கிற இடங்களை அடித்துவிடாதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை முழுவதையும் வாசித்து, எதைக் கேட்கவே மறந்திருக்கிறோம் என்றும் பாருங்கள். முல்லர் முதல் இல்லத்தைத் தொடங்கும் முன் பணத்துக்காக ஜெபித்தார், வீட்டுக்காக, உதவியாளர்களுக்காக, தட்டுமுட்டுச் சாமான்களுக்காக ஜெபித்தார். எல்லாம் வந்தது. 1836 பிப்ரவரி 3-ஆம் தேதி, பிள்ளைகளைச் சேர்க்க விண்ணப்பம் வாங்குவதற்காக நேரம் குறித்து உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போதுதான், பிள்ளைகளை அனுப்பும் ஆண்டவரே என்று ஒருநாளும் கேட்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. அன்று மாலை அதைக் கேட்டார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது.